செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன்

பட்டறை பதில்கள்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி செல்ஃப் மோட்டாரை, அதாவது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பற்றியவை. ஈரத்தில் நின்ற வண்டிகள் தை மாதத்துக்குள் ஓடியாக வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும். இந்த முறை ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். சோழவந்தான் வாசகருக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அவர் செலவு செய்யப்போவதைத் தடுக்க வேண்டியிருக்கிறது.

ஐயா, என் அப்பா 1966இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 எங்களிடம் இருக்கிறது. அவர் மறைந்த பிறகு நான்கு ஆண்டுகள் தென்னந்தோப்புக் கொட்டகையில் நின்றுவிட்டது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்தால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, எஞ்சின் சுற்றவில்லை. மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மெச்சர் போய்விட்டது, அதன் கம்பிச் சுற்றைப் புதிதாகக் கட்டி ரீவைண்டிங் செய்ய வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். செய்துவிடலாமா?
— வாசகர், சோழவந்தான்

செய்யாதீர்கள். இப்போதைக்கு மோட்டாரில் கையே வைக்க வேண்டாம்.

முதலில் எஞ்சினைப் பாருங்கள். நான்கு ஆண்டுகள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் அது செல்ஃப் மோட்டாரின் குற்றமே இல்லை.

எஞ்சின் கையால் சுற்றுகிறது என்றால், மாலை இருட்டும் நேரத்தில் கொட்டகைச் சுவரைப் பார்த்து ஹெட்லைட்டைப் போடுங்கள். ஒருவரைச் சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஸ்டார்ட் செய்யுங்கள். வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் நின்றால், மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை. மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சோலனாய்டின் உள்முனைகள் தீய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்து ஆர்மெச்சரின் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் தொடாமல் இருக்கலாம். வெளிச்சம் நன்றாக மங்கினால் மின்சாரம் போகிறது, மோட்டார் சுற்ற முடியாமல் தவிக்கிறது. மோட்டார் தண்டில் இருக்கும் பெண்டிக்ஸ் பல், எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல் சக்கரத்தின் பல்லில் மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது பேட்டரியே பலவீனமாக இருக்கும். வெளிச்சம் அறவே அணைந்து, கையை எடுத்ததும் திரும்பி வந்தால், ஏதோ ஒரு இணைப்பு பெயருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பல் மாட்டியிருந்தால் அதை விடுவிக்கக் கழற்ற வேண்டியதில்லை. இக்னிஷனை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். அல்லது மோட்டாரின் பின்முனையில் இருக்கும் சிறிய மூடியைக் கழற்றினால், ஆர்மெச்சர் தண்டின் முனை சதுரமாகத் தெரியும். அதில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பல் விட்டுவிடும். அதற்காகவே அந்த முனையைச் சதுரமாக விட்டிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தவரை, எனக்குச் சந்தேகம் இணைப்புகள் மீதுதான். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். இந்த மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது 200, 300 ஆம்பியர் இழுக்கும். சிக்கிக்கொண்டு நின்றால் 400ஐயும் தாண்டும். பேட்டரி கிளாம்பில் ஒட்டிய வெள்ளைப் பூஞ்சணம் போன்ற உப்பு, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடையைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 ஆம்பியரில் அந்தச் சிறு அழுக்கு 3 வோல்ட்டைத் தின்றுவிடும். பன்னிரண்டில் மூன்று போனால் மோட்டாருக்கு என்ன மிச்சம்? அந்த 3 வோல்ட் அங்கே 900 வாட் சூடாக மாறுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டிக்குப் போதுமான சூடு அது. அதனால்தான் நாலைந்து முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு ஒவ்வொரு இணைப்பாக விரலால் தொட்டுப் பார்ப்பேன். சுடுகிற இணைப்பு குற்றவாளி.

மல்டிமீட்டர் இருந்தால் ஓமில் வைத்து அளக்காதீர்கள். சாதாரண மீட்டருக்கு நூறில் ஒரு ஓம் தெரியாது. எல்லாம் சரி என்று பொய் சொல்லும். இருபது வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வைத்து (கிளாம்பில் அல்ல, குமிழில்), மறுமுனையை மோட்டாரின் செம்புத் திருகில் வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் அந்த வழி சுத்தம். அதற்கு மேல் காட்டினால் இணைப்புக்கு இணைப்பு அளந்துகொண்டே வாருங்கள், எங்கே ஏறுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு எர்த் பக்கம், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி: பேட்டரியின் மறு குமிழிலிருந்து மோட்டாரின் உடம்புக்கு. அங்கேயும் அதே அரை வோல்ட்தான் வரம்பு.

எர்த் பக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் பட்டறையில் சேர்ந்து நான்காம் ஆண்டு, பள்ளி ஆசிரியர் ஒருவர் இதே 'டக்' சத்தத்தோடு ஒரு காரைக் கொண்டுவந்தார். நான் அளக்கவில்லை. மோட்டாரை இறக்கி, ஆர்மெச்சரைக் கட்டக் கொடுத்து, வாங்கி மாட்டினேன். மறுபடியும் 'டக்'. என் ஆசான் ஒன்றும் பேசாமல் ஒரு தடித்த கம்பியை எடுத்து எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் குறுக்கே வைத்துப் பிடித்தார். எஞ்சின் உடனே சுற்றியது. எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸோடு அதற்கு மின்தொடர்பு தருவது பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டைதான். அந்தப் பட்டைக்கு அடியில் யாரோ பெயிண்ட் அடித்திருந்தார்கள். திரும்பும் வழி கிடைக்காத மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கம்பி வழியாகப் போய், அதன் உறை கருகியிருந்தது. அந்தக் கருகல் என் கண் முன்னாலேயே இருந்தது, நான் பார்க்கவில்லை. ஆசிரியரிடம் வாங்கிய ரீவைண்டிங் பணத்தை என் கூலியில் பிடித்து, ஆசான் அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அது நியாயம். அன்றிலிருந்து அளக்காமல் எந்த மோட்டாரையும் நான் இறக்கியதில்லை.

ஆகவே ஐயா, பேட்டரியின் எர்த் இணைப்பை முதலில் கழற்றுங்கள்; மாட்டும்போது அதையே கடைசியாக மாட்டுங்கள். ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்துக் கிளாம்புகளைக் கழுவுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். ஈயம் பளிச்சென்று வரும்வரை சுரண்டி, இறுக்கி மாட்டி, அதன் பிறகு மேலே வாஸ்லைன் தடவுங்கள். எஞ்சின் எர்த் பட்டையைக் கழற்றி, இரண்டு முனைகளிலும் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து மாட்டுங்கள். இதற்கெல்லாம் நூறு ரூபாய் ஆகாது. அதன் பிறகும் 'டக்' என்றால் எனக்கு எழுதுங்கள், மோட்டாரை இறக்குவோம்.

பெண்டிக்ஸ் விரைவில் பிடிக்காமல் 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றுகிறது. மூன்று நான்கு முறைக்குப் பிறகுதான் எஞ்சினைப் பிடிக்கிறது. நிறைய கிரீஸ் வைத்தேன். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம். வேறு என்ன கிரீஸ் வைக்கலாம்?
— வாசகர், உசிலம்பட்டி

எந்த கிரீஸும் வேண்டாம். வைத்ததையும் எடுத்துவிடுங்கள்.

வீட்டில் ஒரு நீளமான போல்ட்டும் அதற்கேற்ற நட்டும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்வாகப் பாதி வழியில் விட்டு, போல்ட்டின் தலையைச் சட்டென்று சுண்டிச் சுற்றுங்கள். நட்டு கூடவே சுற்றாமல் சோம்பி நிற்கும்; அதனால் மரையில் நகர்ந்து முன்னே போகும். பெண்டிக்ஸின் சூட்சுமம் இவ்வளவுதான். மோட்டார் திடீரென்று வேகம் எடுக்கும்போது, கனமான பல்சக்கரம் தன் கனத்தாலேயே பின்தங்கி, மரைக் குழாயில் வழுக்கி ஓடி, ஃபிளைவீல் பல்லில் போய் மாட்டுகிறது. எஞ்சின் உயிர்பெற்றதும் ஃபிளைவீல் அதை மோட்டாரைவிட வேகமாகச் சுற்ற, அதே மரை அதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அந்த மரையில் அது வழுக்க வேண்டும்.

உங்கள் பக்கத்துக் கரிசல் புழுதி கிரீஸில் விழுந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே கிளட்ச் தூசியும் அந்த இடத்தில் பறந்துகொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து பசையாகிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பல்சக்கரம் பின்தங்காமல் தண்டோடு சேர்ந்தே சுற்றும். அதுதான் நீங்கள் கேட்கிற 'விர்ர்'.

மோட்டாரை இறக்கி, பெண்டிக்ஸ் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அழுக்கு மோட்டாருக்குள் இறங்கக் கூடாது. அதற்காகத்தான் சாய்க்கச் சொல்கிறேன். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பல்சக்கரத்தை விரலால் சுற்றித் தள்ளுங்கள். தன் கனத்தில் ஓடி, மெல்லிய ஸ்பிரிங் தள்ள, சிக்காமல் திரும்பி வர வேண்டும். அப்படியே உலர்ந்த நிலையில் மாட்டிவிடுங்கள்.

கழுவிய பிறகும் பிடிக்கவில்லை என்றால் பெரிய ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: பிடிக்காத நேரத்தில் ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கால் சுற்று திருப்பிவிட்டு முயலுங்கள். உடனே பிடித்தால் ஃபிளைவீல் பல் தேய்ந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். பல்லும் அந்த இரண்டு இடத்தில்தான் தேயும். அந்த வளையத்தைச் சூடாக்கிக் கழற்றிக் கால் வட்டம் திருப்பிப் போட்டால், தேயாத பற்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். எஞ்சினை இறக்கும்போது செய்துகொள்ளலாம்.

பேட்டரியின் முனைகளை மாற்றி மாட்டினால் செல்ஃப் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றுமா?
— வாசகர், அலங்காநல்லூர்

சுற்றாது. இது சீரீஸ் மோட்டார். ஆர்மெச்சரில் போகும் மின்சாரமே அதைச் சுற்றி நிற்கும் ஃபீல்டு காயிலிலும் போகிறது. மாற்றி மாட்டினால் இரண்டும் சேர்ந்தே திரும்பிவிடும், சுற்றும் திசை மாறாது. ஆனால் மோட்டார் சரியாகச் சுற்றுகிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவும் ஆல்டர்னேட்டரும் இதைப் பொறுக்காது. பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த். வண்டியில் முதலில் எப்படி இருந்தது என்று தெரியாமல் பேட்டரி மாட்டாதீர்கள்.

நான் ஐ.டி.ஐ. மாணவன். டைனமோவின் கம்யூட்டேட்டரில் செம்புப் பட்டைகளுக்கு இடையே இருக்கும் மைக்காவைத் தாழ வெட்ட வேண்டும் என்று படித்தோம். ஸ்டார்ட்டர் மோட்டாரிலும் அப்படிச் செய்ய வேண்டுமா?
— மாணவர், திருப்பரங்குன்றம்

நல்ல கேள்வி, தம்பி. லூகாஸ் நிறுவனத்து ஸ்டார்ட்டர் மோட்டார்களில் வெட்டக் கூடாது. தயாரித்தவர்களே தங்கள் கையேட்டில் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்டார்ட்டரின் பிரஷ்ஷைக் கையில் எடுத்துப் பார். டைனமோ பிரஷ் போல முழுக் கறுப்பாக இருக்காது, செம்பு மினுக்கம் தெரியும். அவ்வளவு ஆம்பியரைத் தாங்கச் செம்புப் பொடி நிறையச் சேர்த்திருக்கிறார்கள். அது தேய்ந்து விழும் தூள் பள்ளத்தில் போய் அடைந்தால் அடுத்தடுத்த பட்டைகளை இணைத்துவிடும்.

சுத்தம் செய்ய முதலில் பெட்ரோலில் நனைத்துப் பிழிந்த துணி. கறுப்பு போகாவிட்டால் மெல்லிய உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து, கம்யூட்டேட்டரைச் சுற்றிப் பிடித்து, ஆர்மெச்சரைச் சுழற்று. எமரித் தாள் வேண்டாம். அதன் மணிகள் செம்பில் புதைந்துகொண்டு பிரஷ்ஷை அரிக்கும். மேடுபள்ளமாக இருந்தால் லேத்தில் மெல்லியதாக ஒரு கடைசல்.

கம்யூட்டேட்டரின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கப் பழகு. கம்பி முனைகள் பட்டையோடு சேரும் இடத்தில் ஈயம் சாம்பல் நிறத்தில் நிரவி இருக்க வேண்டும். அங்கே குழி விழுந்து, எதிரே கூட்டின் உட்சுவரில் கடுகு கடுகாக ஈயத் துளிகள் தெறித்து ஒட்டியிருந்தால், யாரோ அந்த மோட்டாரை விடாமல் ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். ஈயம் உருகி, சுற்றுகிற வேகத்தில் வெளியே பறந்திருக்கிறது. மறுபடி பற்ற வைத்தால் பல நேரம் ஆர்மெச்சர் பிழைத்துவிடும்.

அடுத்து ஒரு சோதனை விளக்கை எடுத்து, தண்டுக்கும் ஒவ்வொரு பட்டைக்கும் இடையே வை. எரியக் கூடாது. ஃபீல்டு காயிலுக்கும் கூட்டுக்கும் இடையிலும் அப்படியே. எரிந்தாலும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதே. பிரஷ் தூளை ஊதித் துடைத்துவிட்டு மறுபடி பார். உள்ளுக்குள் ஷார்ட் இருக்கிறதா என்று காண உங்கள் பயிலகத்தில் குரௌலர் என்ற சோதனைக் கருவி இருக்கும். அதன் மேல் ஆர்மெச்சரை வைத்து, ஹேக்ஸா பிளேடை மேலே பிடித்துத் திருப்பிக்கொண்டே வா. பிளேடு அதிர்கிற இடத்தில் ஷார்ட்.

தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சரிசெய்கிறேன். செல்ஃப் மோட்டாரை நானே பிரித்துவிட்டேன். ஆர்மெச்சர், காயில் எல்லாம் சோதனையில் சரி. பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்ற வேண்டும். எல்லாரும் இதைத் தூக்கிப்போட்டுவிட்டு கியர் வைத்த புதிய வகை மோட்டார் வாங்கச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
— வாசகி, மேலூர்

சகோதரி, நீங்களே பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்தது. புதிய வகை மோட்டார் கெட்டதல்ல. எடை குறைவு, குறைந்த ஆம்பியரில் வேகமாகச் சுற்றும். தினமும் ஓடும் வண்டி என்றால் நானே போடச் சொல்வேன். ஆனால் காயில் சரி, ஆர்மெச்சர் சரி என்று ஒரு மோட்டார் சொல்லும்போது அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. 1911இல் நம் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனமும் இங்கிலாந்தின் லூகாஸும் 1961இல் கைகோத்த பிறகு, இந்தக் குடும்பத்து மோட்டார்கள் நம் நாட்டிலேயே ஏராளமாக வந்தன. அதனால் பிரஷ்ஷும் புஷ்ஷும் இன்றும் தேடினால் கிடைக்கும். அதே அளவு கிடைக்காவிட்டால் சற்றுப் பெரிய பிரஷ்ஷை வாங்கி அரத்தால் தேய்த்துச் சரியாக்கலாம், ஆனால் அது ஸ்டார்ட்டர் பிரஷ்ஷாகவே இருக்க வேண்டும்.

பிரஷ் எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். காயிலோடு சேர்ந்த இரண்டு பிரஷ்களின் பின்னல் கம்பியை அடியோடு வெட்டாதீர்கள். சில மோட்டார்களில் காயில் அலுமினியப் பட்டை. அதில் ஈயம் பிடிக்காது. பழைய கம்பியில் கால் அங்குலம் விட்டு வெட்டி, அந்த மிச்சத்தோடு புதியதைப் பற்ற வையுங்கள். ஈயம் கம்பிக்குள் வெகுதூரம் ஊறிவிட்டால் கம்பி விறைத்துவிடும், பிரஷ் தடையின்றி இறங்காது. பற்ற வைக்கும்போது மூக்குக் குறடால் பின்னலைப் பிடித்துக்கொண்டால் ஈயம் அந்த இடத்தோடு நின்றுவிடும்.

தண்டைத் தாங்கும் புஷ் விஷயத்தில்தான் அவசரப்படுகிறார்கள். அது கெட்டி வெண்கலம் அல்ல. பொடியை அழுத்திச் செய்தது, நுண்ணிய துளைகள் நிறைந்தது. மாட்டுவதற்கு முன் மெல்லிய எஞ்சின் ஆயிலில் ஒரு நாள் முழுக்க மூழ்க வையுங்கள். ஊறவைக்க மறந்து, அவசரம் என்றால் என் வழி இது: புஷ்ஷின் ஒரு வாயைக் கட்டைவிரலால் அடைத்து, உள்ளே ஆயில் நிரப்பி, மறு வாயில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்துங்கள். சற்று நேரத்தில் வெளிப்புறமெல்லாம் நெற்றி வியர்ப்பதுபோல முத்து முத்தாக ஆயில் கசியும். அதைப் பார்த்தால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மாட்டிய பிறகு உள்துளையை ரீமரால் குடையாதீர்கள், துளைகள் அடைந்துவிடும்.

கூட்டுக்குள் இருக்கும் இரும்புக் கன்னங்களில் பளபளவென்று உரசிய தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் பழைய புஷ் தேய்ந்து ஆர்மெச்சர் அங்கே இடித்துக்கொண்டிருந்தது. புதிய புஷ் போட்டதும் அது நின்றுவிடும்.

எல்லாம் பூட்டிய பிறகு வைஸில் இறுகப் பிடித்து, தடித்த கேபிளில் பேட்டரி கொடுத்துப் பாருங்கள். கையால் பிடித்துக்கொண்டு கொடுக்காதீர்கள். அது ஒரே உதறலில் மணிக்கட்டைத் திருப்பிவிடும். எடையில்லாமல் சுற்றும்போது சுமார் 45 ஆம்பியர்தான் இழுக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு ஏழாயிரத்தைத் தாண்டும் என்பதால் சில நொடிகள் போதும். ஆம்பியர் அதிகம், வேகம் குறைவு என்றால் எங்கோ உரசுகிறது, அல்லது உள்ளே ஷார்ட். சீரான ஒரே சுருதியில் பாடினால் வண்டியில் ஏற்றுங்கள்.

ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் செல்ஃப் அடிக்கலாம்?
— வாசகர், நத்தம்

பத்து நொடிக்கு மேல் வேண்டாம். பிறகு அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். மூன்று முறைக்குள் எஞ்சின் எடுக்கவில்லை என்றால் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் பாருங்கள். திருப்பரங்குன்றம் தம்பிக்குச் சொன்ன ஈயத் துளிகள், நிறுத்தாமல் அடித்ததால் தெறித்தவைதான்.

தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய அம்பாசிடரைத்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். ஊர்வலம் நடுவே நின்று நின்று கிளம்ப வேண்டியிருக்கும். செல்ஃப் கைவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், வாடிப்பட்டி

வாழ்த்துகள். ஒரு வாரம் முன்பே பேட்டரி கிளாம்புகளையும் எர்த் பட்டையையும் சோழவந்தான்காரருக்குச் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். அவை தளர்ந்தால் பல்லும் சாயும், எர்த்தும் போகும். இரவு சார்ஜ் ஏற்றிய பேட்டரி, ஸ்டார்ட் செய்யும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கல்யாணத்துக்கு அதை நம்பாதீர்கள். ஊர்வலத்தில் வண்டி ஊர்ந்தபடி போகும். டைனமோ வண்டி என்றால் அந்த வேகத்தில் சார்ஜ் ஏறாது. அதனால் அலங்கார விளக்குகளைக் கார் பேட்டரியில் கொடுக்காமல் தனி பேட்டரியில் கொடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைக்காமல் ஐடிலில் விடுவதே மேல்.

ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைத் துடைத்து டிக்கியில் போட்டு வையுங்கள். அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் கூட வரட்டும். 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வருவதற்கு முன் ஹேண்டில் பின்னுக்கு உதைத்துக் கை முறிந்தவர்கள் நிறையப் பேர். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி வளைக்காமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், மாலையைக் கழற்றிவிட்டுக் குனியச் சொல்லுங்கள்.